மாதிரி செய்வோம், மூச்சையும் காப்போம்

சென்ற மாரிகாலத்தில் தமிழ் வகுப்புக் கண்காட்சிக்காக எமது மகள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மாதிரியைச் செய்தாள். 1981இல் அது எரிந்தபோது நாங்களும் அவளைப் போலச் சிறுவயதினர்தான். அதனால் உற்சாகமாக உதவிக்கு இறங்கினோம். இருபுறமும் கடதாசி ஒட்டிய றெஜிபோம் அட்டையை வெட்டி ஒட்டி, பேஸ்மன்டில் யன்னலைப் பூட்டிக்கொண்டு வெள்ளை ஸ்பிறே அடித்தோம். வெட்டிய ஓரங்கள் கரைந்து குழி விழுந்தன. சிறிது நேரத்தில் மகளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது. வெளியே கூட்டிச்சென்று இன்ஹேலர் கொடுத்துச் சமாளித்தோம். வைத்தியர் வீட்டிலேயே இந்தக் கதை!

ஏன் இப்படி நடந்தது?

றெஜிபோம் என்பது பொலிஸ்ரைரீன். பல ஸ்பிறே பெயின்ற்களில் அசிற்றோன், தொலுயீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. கடதாசி மூடாத ஓரத்தில் இவை பட்டால் பொலிஸ்ரைரீன் கரையும். அதே ஆவிதான் மூச்சுக்குழாயையும் உறுத்துகிறது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டலும் வரலாம். இந்த ஆவி காற்றிலும் பாரமானது, நிலத்தோடு தங்கும். அருகில் ஃபேர்ணஸ் சுவாலை இருந்தால் தீ ஆபத்தும் உண்டு. மணம் மூக்குக்குப் பழகிப்போகும். எனவே மூக்கை நம்பாதீர்கள்.

பாதுகாப்பான முறை

1. வெட்டிய ஓரங்களில் வெள்ளைப் பசையைச் சிறிது தண்ணீர் கலந்து மெல்லிதாக இருமுறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயட்டும்.

2. பின்னர் தண்ணீரில் கரையும் அக்றிலிக் வர்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள். ஒரே பக்கம் ஈரமானால் அட்டை வளையும். இரு பக்கமும் பூசினால் வளைவு குறையும்.

3. ஸ்பிறே அவசியமென்றால் வெளியில் வைத்து, பெரியவர் மட்டும் அடிக்க வேண்டும். சாதாரண முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

4. முட்டு வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த இடத்தில் நிற்க வேண்டாம்.

மூச்சு முட்டினால்

உடனே சுத்தமான காற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் தந்த நீல இன்ஹேலரைக் கொடுங்கள். பேச முடியாமல் மூச்சுத் திணறினால், உதடு நீலமானால் 911ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நச்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள்: 1-844-764-7669.

எமது இரண்டாவது நூலகம் தூரிகையாலேயே வெள்ளையானது. கண்காட்சியன்று அதன் கதையை மகளே வந்தவர்களுக்குச் சொன்னாள், மூச்சு வாங்காமல்.