வழியனுப்பியவர்கள்

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாததால் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. கையில் காசு குறைந்தவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்தபடி ஒரு வாரம்போலப் பயணம் செய்தார்கள். பின்னால் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்துபோனது.

அப்படிப் போனவர்களின் கதையைச் சிங்கப்பூர் அக்கறையோடு காத்துவருகிறது. தெலுக் ஆயர் தெருவில் 1828–30இல் எழும்பிய நாகூர் தர்கா இன்று தேசியச் சின்னம். வந்து குடியேறியவர்களின் வாய்மொழி வரலாற்றை 1979 முதல் பதிவு செய்துவருகிறார்கள். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நாகை கரையில் நின்று கையசைத்துவிட்டு வீடு திரும்பினார்களே, அவர்களின் கதையை யார் எழுதி வைத்தோம்?

என் தாத்தா ‘ரஜூலா’வில் போனவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பாயி திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்துவிட்டார். சில வருஷத்துக்கு ஒருமுறை தாத்தா வருவார், சில மாதம் இருப்பார், போவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்கு ஆணும் பெண்ணும் அப்பாயிதான். குறுவைக்கு நாற்று விடுவது, கூலி பேசுவது, முறைக்காரனிடம் தண்ணீருக்கு மல்லுக்கட்டுவது, அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தது, அதற்காக நகையை அடகு வைத்து மீட்டது, எல்லாமே அவர் தலையில்தான். யாராவது ஊர்க்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்தால் தாத்தா கொடுத்தனுப்பிய கோடாலித் தைலம் வந்துசேரும். தலைவலி, சளி என்று தெருவில் எவர் வந்து நின்றாலும், அந்தச் சின்னப் பாட்டிலைத் திறந்து விரல் நுனியில் தொட்டு அவரே தடவிவிடுவார்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டப் பழகியதுமே கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நீல நிற ஏர்மெயில் தாளைத் திண்ணையில் பலகைமேல் விரித்துக்கொள்வேன். “நலம், நலமறிய ஆவல்னு போட்டுக்க தம்பி” என்று ஆரம்பிப்பார். ஒரே தாள் என்பதால் எழுத்தைப் பொடிப்பொடியாக நெருக்கி எழுத வேண்டும். ஓரம் பாக்கி இருந்தால் அதிலும் ஒரு சேதி போகும்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகை புயல். எங்கள் வீட்டில் மேற்குத் தாழ்வாரத்தின் ஓடுகள் மொத்தமாகப் பறந்துவிட்டன. ஒரு பசு செத்தது. சம்பா வயல் முழுக்கத் தண்ணீர். தபால் போக வழி பிறந்ததும் அப்பாயி கடிதம் எழுத உட்கார வைத்தார். “மழை கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாரும் சௌக்கியம்” என்றார். நான் பசுவைப் பற்றி எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “அதெல்லாம் எழுதாத. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற மனுசன் ராத்திரி தூங்க வேணாமா?”

தாத்தாவின் பதில் வந்தபோது நான்தான் வாசித்துக் காட்டினேன். பத்திரிகையில் புயல் செய்தி பார்த்தாராம். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றுமில்லை. “மேற்குத் தாழ்வாரத்துக்கு ஓடு மாற்றிக்கொள்ளவும்” என்று ஒரு வரி எழுதியிருந்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பணமும் வந்தது. எந்தப் பக்கம் காற்று வாங்கும், எந்த ஓடு தாங்காது என்று அங்கிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாயி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மடித்து அரிசிப்பானைக்குப் பின்னால் செருகிவிட்டார்.

தாத்தாவும் தன் கஷ்டத்தைச் சொன்னவர் இல்லை. மூட்டை விழுந்து கால் நசுங்கி வாரக்கணக்கில் படுத்திருந்தது, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் சொல்லித்தான், தாத்தா இறந்த பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

இன்று திருச்சிக்கு விமானம் ஏறினால் நாலு மணி நேரம். தினமும் அம்மாவை வீடியோவில் பார்த்துப் பேசுகிறேன். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. தொடர்பு கிடைத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: “காத்து கொஞ்சம் ஜாஸ்திப்பா. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.” கொல்லையில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுப் பையன் அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன். கடிதம் போய் செல்போன் வந்தும், ஊரில் இருப்பவர் தன் பாரத்தை வெளியூர்க்காரனிடம் இறக்கி வைப்பதில்லை. அந்தப் பொறுமையில்தான் என்னைப் போன்றவர்கள் படித்தோம், வெளிநாடு வந்தோம், வீடு வாங்கினோம். சம்பாதித்தது நாங்கள் என்றால், குடும்பத்தைக் குலையாமல் வைத்திருந்தது அவர்கள்.

சிங்கப்பூரோ, துபாயோ, கனடாவோ, எங்கிருந்து இதைப் படித்தாலும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் அம்மாவோ அப்பாயியோ இருந்தால், அடுத்த முறை பேசும்போது “சாப்டீங்களா” என்பதோடு நிறுத்தாதீர்கள். பணம் வராத மாதம் எப்படிச் சமாளித்தீர்கள், எந்த நகை அடகுக்குப் போனது, ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது யார் துணைக்கு வந்தார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். செல்போனில் பதிந்து வையுங்கள். எழுதியும் வையுங்கள். கப்பலேறியவர்களின் பெயர் பாஸ்போர்ட்டிலும் பயணச்சீட்டிலும் இருக்கிறது. வழியனுப்பியவர்களின் பெயர், நாம் எழுதினால்தான் உண்டு.