வணிக மின்மடல்: அதன் பயனும் வனப்பும்

தொலைவிலுள்ளார்க்குத் தம் கருத்தை உணர்த்துதற்கு மக்கள் கண்ட கருவிகளுள் மடல் மிகப் பழையது. ஓலையும் எழுத்தாணியும், தாளும் மையும், கம்பியும் மின்னும் என அதன் உடல் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒருவர் ஒன்றனை மற்றொருவரிடம் சொல்லி ஒன்றனை வேண்டுதல் என்னும் அதன் உயிர் மட்டும் மாறவில்லை. வணிகர் தம் பொருளை அறிமுகஞ் செய்தற்கு இன்று பெரிதும் கையாளும் மின்னஞ்சலும் இம்மரபில் வந்ததே. அதனைப் பயனுடையதாகவும் கண்ணுக்கு இனியதாகவும் அமைத்தல் எவ்வாறு என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பொருள் கல்லூரி மலருக்கு ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். நம் வாவியின் இரு கரைகளையும் நோக்குவோர்க்கு அவ்வையம் எழாது. படுவான்கரையில் நெல்லும் எருமைத் தயிரும் விளைகின்றன; எழுவான்கரையில் மீனும் இறாலும் நண்டும் கரையேறுகின்றன. காத்தான்குடியிலும் தெற்கே மருதமுனையிலும் தறி ஒலிக்கின்றது. வடக்கே பாசிக்குடாவில் விருந்தினர் விடுதிகள் உள. ஆக்குவோர்க்குக் கைத்திறன் குறைவில்லை. ஆயினும் கொழும்பிலோ கடல்கடந்த நாட்டிலோ இருந்து வாங்குவோரை அவர் நேரிற் காண்பதரிது. இடையில் நிற்பவர் சொன்ன விலைக்கே தலையசைக்க வேண்டியவராகின்றார். வாங்குவோரின் வாயிலுக்கு நேரே செல்லும் மலிவான தூது மின்மடல். அதனை எழுதித் தருமாறு பெற்றோர் வேண்டும்பொழுது அப்பணி பெரும்பாலும் நம் மாணவர் கையிலேயே வந்து சேர்கின்றது. ஆதலின் அதன் இலக்கணத்தை அறிந்துகொள்ளல் அவர்க்குக் கடனாகும்.

நல்ல மடலின் அமைப்பை அறிதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பதினோராந் திருமுறையின் முதற்கண் நிற்பது திருமுகப் பாசுரம். யாழ் வல்ல பாணபத்திரரின் வறுமை தீர்க்குமாறு ஆலவாய்ப் பெருமான் சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலை அது. யாழ் நூலை 1947 இல் தமிழுலகுக்கு அளித்த விபுலானந்த அடிகள் தோன்றிய மண்ணில் அவ்வரலாற்றை விரித்துரைத்தல் மிகையாகும். அதன் அருட்பெருமையை வணங்கி ஒருபுறம் நிறுத்தி, மடல் என்னும் அளவில் நோக்குவோமாயின் நான்கு உறுப்புகள் புலப்படும். எழுதுவோர் யார், எவ்வூரினர் என்பது முதலாவது. பெறுவோர் யார், அவருடைய இயல்பு யாது என்பது இரண்டாவது. வருபவர் யார், எதன்பொருட்டு வருகின்றார் என்பது மூன்றாவது. பொருள் கொடுத்து அனுப்புக என்னும் ஒரே வேண்டுகோள் நான்காவது. சில அடிகளில் இவை அனைத்தும் முடிந்துவிடுகின்றன. இரண்டாவது வேண்டுகோள் இல்லை. இந்நான்கும் இன்றைய வணிக மின்மடலுக்கும் பொருந்தும் உறுப்புகளேயாம்.

இனி, மடல் எழுதுமுன் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. அது பெறுவோரின் இசைவு. ரே தொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஒரு கணினியினின்று மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை 1971 இல் அமைத்தார். ஏழாண்டு கழியுமுன் அம்முறை வணிகத்திற் புகுந்தது. 1978 மே 3 ஆந் திகதி, டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் கணினி நிறுவனத்தின் கேரி தூர்க் என்பார், தம் புதிய கணினிகளைக் காண வருமாறு அவ்வலையமைப்பிலிருந்த ஏறக்குறைய 400 பேரை ஒரே மடலால் அழைத்தார். முகவரிகள் அவற்றுக்குரிய இடத்தில் அடங்காது பெருகி, மடலின் உடற்பகுதியிலும் வழிந்தன. கேளாது வந்த இம்மடல் பலருடைய சினத்தைத் தூண்டியது; வலையமைப்பை மேற்பார்வை செய்த அதிகாரிகளும் கண்டித்தனர். அதனாற் பெரும் விற்பனை கிடைத்ததெனத் தூர்க் பிற்காலத்திற் கூறினார். கேளாத மடல் ஓரொருகால் பயன் தரலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று அவரொருவர் செய்ததைப் பின்னர் பல்லாயிரவர் செய்தனர். அதன் விளைவாகவே, கேளாத மடல்களைக் குப்பையென ஒதுக்கும் காவல் இன்று ஒவ்வோர் அஞ்சற்பெட்டியின் வாயிலிலும் நிற்கின்றது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய மடல்களுக்குப் பெறுவோரின் இசைவு வேண்டுமென்றும், வேண்டாவென்று விலகும் வழி அவர்க்குச் செலவின்றிக் கிடைக்கவேண்டுமென்றும் விதி வகுத்துள்ளது. ஆதலின் யாரோ தொகுத்த முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குதல் வீண்செலவு. முன்னர் வாங்கியோர், விடுதியில் தங்கிச் சென்றோர், தாமே கேட்டு முகவரி தந்தோர் ஆகிய நூறுபேரின் பட்டியல், அறியாதார் பதினாயிரவரின் பட்டியலினும் மேலானது.

அடுத்து, மடலின் முகமாகிய அனுப்புநர் பெயரும் தலைப்பும். பெறுவோர் மடலைத் திறப்பதா நீக்குவதா என்பதை இவ்விரண்டையும் கண்டே முடிவு செய்கின்றார். பெயர் ஊருடன் கூடியதாக, எப்பொழுதும் மாறாததாக இருத்தல் வேண்டும். தலைப்பைப் பொறுத்தவரை தமிழில் எழுதுவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நம் மொழியில் வினை இறுதியில் நிற்கும்; சிறப்புடைய செய்தியும் பெரும்பாலும் அதனை அடுத்தே வரும். கைத்தொலைபேசியின் சிறு திரையிலோ தலைப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும். "எமது நிலையத்தின் பத்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு எமது மதிப்புமிகு வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கும் தலைப்பு, செய்தியை எட்டுமுன் அறுந்துபோகும். "40 கைத்தறிச் சேலைகள் – தைப்பொங்கலுக்கு" என்பது அறுந்தாலும் பொருள் தரும். பெயர்ச்சொல்லை முன்னிறுத்துக; அடைமொழிகளைக் குறைக்க. தலைப்பு சொன்னதே உள்ளேயும் இருத்தல் வேண்டும். இல்லாத பரிசைக் காட்டித் திறக்கச் செய்தவர் மறுமுறை திறக்கப்பெறார்.

உடற்பகுதியின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நெசவாளர் குழுவொன்று மடல் எழுதுகின்றது எனக் கொள்க. குழுவின் வரலாறு, தலைவரின் வாழ்த்துரை, சேலை, சாரம், மேசைவிரிப்பு ஆகியவற்றின் விலைப்பட்டியல், பயிற்சி வகுப்பு அறிவித்தல், நன்கொடை வேண்டுகோள் என அனைத்தையும் ஒரே மடலில் அடுக்கினால் படிப்போர் எதற்கு மறுமொழி தருவது எனத் திகைப்பர். மாறாக இவ்வாறு எழுதலாம்: "சென்ற ஆண்டு எம்மிடம் சேலை வாங்கிய தங்களுக்கு வணக்கம். இம்மாதம் 40 பருத்திச் சேலைகள் தறியிலிருந்து இறங்கியுள்ளன. ஐந்து நிறங்களும் விலையும் கீழே உள. தாங்கள் விரும்பும் நிறத்தை இம்மடலுக்கு மறுமொழியாக எழுதினால், தைப்பொங்கலுக்கு முன் வந்துசேருமாறு அனுப்பிவைப்போம்." இதில் முன்னர் கூறிய நான்கு உறுப்புகளும் உள, வேண்டுகோளும் ஒன்றே. ஏனைய செய்திகளுக்கு வேறு நாட்களும் வேறு மடல்களும் உண்டு. நம் கோயில் விஞ்ஞாபனங்களும் இவ்வகையில் நல்லாசிரியர்களே. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நாளும் நேரமும் ஒழுங்குபெற நிற்பதனாலன்றோ அவற்றை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்கின்றோம்.

எழுத்துரு பற்றியும் ஈண்டுக் கூறல் வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியோர் நம்மிடையே இன்னும் பலர். அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அம்மடல் திறக்கப்படின், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். புள்ளி பெற்ற மெய்தோறும் ஓர் அரைப்புள்ளி நிற்கும். ஒருங்குறி முறையிலோ எக்கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆயின் அதற்கும் ஒரு விலையுண்டு. இணையத்தில் வழங்கும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று வேண்டும். "மட்டக்களப்பு" என்னும் சொல்லில் எழுத்துக்கள் 8. புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி எண்ணப்படுவதாற் குறிகள் 12. ஆகவே 36 பைற்று. அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதின் 10 பைற்றே போதும். ஜீமெயில் ஏறக்குறைய 102 கிலோபைற்றுக்கு மேற்பட்ட மடலின் எஞ்சிய பகுதியை மறைத்துவிடும். சொற்சுருக்கம் தமிழ் மடலுக்கு அழகு மட்டுமன்று; தேவையுமாகும்.

வேண்டுகோளை அழகிய படமாக வரைந்து அப்படத்தை மட்டும் அனுப்புதலும் பெருந்தவறு. அறியாதவரிடமிருந்து வரும் படங்களை அவுட்லுக் முதலிய செயலிகள் தாமாகத் திறப்பதில்லை; பெறுவோர் வெற்றுச் சதுரத்தையே காண்பார். பார்வையற்றோர்க்கு மடலை வாசித்துக்காட்டும் கருவிக்கும் படத்திலுள்ள எழுத்துப் புலப்படாது. ஆதலின் செய்தி எழுத்திலும், பொருளின் தோற்றம் படத்திலும் அமைக. ஒவ்வொரு படத்திற்கும் அதனை விளக்கும் ஒருவரி மாற்றுரையும் இணைக்க. கணினித் திரைக்கு ஏறக்குறைய 600 படப்புள்ளி அகலம் வழக்கிலுள்ள அளவு. கைத்தொலைபேசிக்கு ஒரே நிரலாக அமைத்தல் நன்று. தமிழெழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தினும் கூடுதலான இடம் வேண்டும். அடிக்கோடு அக்குறிகளை வெட்டும். சாய்வெழுத்து நம் எழுத்தின் இயல்புக்கு ஒவ்வாது. அழுத்தம் வேண்டுமிடத்துத் தடித்த எழுத்தே போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்பது இணைய அணுகல் நெறி. மஞ்சட் பின்னணியில் வெள்ளெழுத்துப் பொறித்தல் கண்ணுக்குத் துன்பமே.

காலம் அறிதலும் வேண்டும். வாடைக்காற்று மழை பெய்யும் மார்கழியில், நாளையே கடலாட வருக எனப் பாசிக்குடா விடுதியொன்று அழைப்பின் யார் வருவர்? கீழைக்கரைக் கடல் அமைதியுற்றிருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையிலான பருவத்திற்கு, மாசியிலேயே மடல் புறப்படல் தகும். பயனை அளக்கும்பொழுதும் விழிப்பு வேண்டும். எத்தனைபேர் திறந்தனர் என்னும் எண்ணிக்கையைப் பலர் பெரிதாக மதிப்பர். மடலினுள் மறைத்துவைத்த நுண்படம் எத்தனைமுறை பெறப்பட்டது என்பதே அவ்வெண்ணிக்கை. 2021 முதல் அப்பிள் நிறுவனத்தின் அஞ்சற்செயலி, பயனர் இசைந்தால், திறவாத மடலின் படங்களையும் முன்னரே பெற்றுவிடுதலால் அவ்வெண் நம்பத்தக்கதன்று. வந்த மறுமொழிகளையும் விற்ற பொருளையும் எண்ணுக. பட்டியலை இரு கூறாக்கி இருவேறு தலைப்புகளை அனுப்பி எது மிகுதியான மறுமொழி பெற்றது என ஒப்பிடல் எளிய சோதனை. ஆனால் ஒருமுறை ஒன்றனையே மாற்றுதல் வேண்டும். இன்றேல் விளைவுக்குக் காரணம் எதுவெனத் துணிய இயலாது.

இறுதியாக, வாயிற்காவலைப் பற்றி ஒரு சொல். 2024 பெப்ரவரி முதல் ஜீமெயிலும் யாகூவும், பெருந்தொகையாக மடல் விடுப்போர் தம்மை உண்மை அனுப்புநரென நிறுவும் அடையாளப் பதிவுகளைச் செய்திருக்கவேண்டும், ஒரே அழுத்தத்தில் விலகும் வழியைத் தரவேண்டும், குப்பையெனப் பெறுவோர் முறையிடும் அளவு ஆயிரத்துக்கு மூன்றை எட்டாதிருக்கவேண்டும் என நிபந்தனை விதித்துள்ளன. சிறு வணிகர் அவ்வளவு மடல் விடுப்பதில்லை. எனினும் அடையாளம் காட்டுதலும் விலக இடந்தருதலும் அவர்க்கும் நன்மையே. விலகும் வழியை மடலின் அடியில் மங்கிய சிற்றெழுத்தில் ஒளித்துவைப்போர் உளர். வழி காணாதவர் சினந்து "குப்பை" எனக் குறித்தால், அம்முறையீடுகள் பெருகி ஏனையோர்க்குச் செல்லும் மடலும் ஒதுக்கப்படும். விலகிச் செல்வோர்க்குக் கதவைத் திறந்துவைத்தல் நிற்போர்க்கும் மதிப்பு அளிப்பதாகும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மடலின் பயனும் வனப்பும் இருவேறு பொருளல்ல என்பது தெளிவாகும். இசைவு கேட்டல், பெயரை மறையாமை, சுருங்கச் சொல்லல், ஒன்றனையே வேண்டல், படிக்கத்தக்க எழுத்தில் எழுதல், போகவிடுதல் ஆகிய யாவும் பெறுவோரின் நேரத்தையும் விருப்பத்தையும் மதித்தலேயாம். அம்மதிப்பை உடைய மடல் வண்ணங்குறைந்ததாயினும் அழகுடையது. அஃதின்றேல் எத்துணை அணிசெய்யினும் அது குப்பைக்கே உரியது. நம் மாணவர் இம்முறையைக் கற்று, தம் ஊரில் தறியிலும் வள்ளத்திலும் வயலிலும் உழைப்போர்க்கு ஆண்டுக்கு இரண்டொரு மடலேனும் தூய தமிழில் எழுதிக் கொடுப்பாராக. விலை சொல்லும் உரிமை ஆக்கியோர் கைக்கு மீள்வதற்கு அது ஒரு தொடக்கமாக அமையும்.