குதிரை இல்லாத குதிரைப் பாடம்



நம் தோட்டத்தில் உள்ள குதிரை ஒன்றே ஒன்றுதான். அது முனியாண்டி கோயில் வாசலில் முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கும் சுதைக் குதிரை. அது புல் கேட்பதில்லை, உதைப்பதும் இல்லை. அதைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, அங்குச் சவாரிக்கு நின்ற உயிருள்ள குதிரையைக் கண்டனர். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆவல் மேலிட, ஓசையின்றிப் பின்புறமாகச் சென்று அதன் வாலைத் தொட்டுவிட்டான். குதிரைக்காரர் பாய்ந்து வந்து அவனை இழுத்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ! பிழை அவனுடையதன்று, சொல்லிக் கொடாத நம்முடையது.

அதன் பின்னரே வாரம் ஒருமுறை குதிரை வளர்ப்புப் பாடத்தைத் தொடங்கினோம். “குதிரையே இல்லாத ஊரில் குதிரைப் பாடம் எதற்கு, வாத்தியாரய்யா?” என்று தாய் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்க நாட்டில், 1902ஆம் ஆண்டு ஓஹாயோ மாநிலத்தில் முளைவிட்ட ‘ஃபோர் எச்’ என்னும் சிறுவர் இயக்கத்தில், சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கென்றே ‘குதிரையில்லாக் குதிரை’ எனும் பாடம் நடத்தப்படுகிறது. ஆனால் அந்தத் தாய்க்கு நாம் சொன்னது அமெரிக்கக் கதையையன்று, பாண்டி நாட்டுக் கதையையே.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வணிகர், அங்குக் கண்ட கொடுமையை எழுதி வைத்துள்ளார். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. ஓர் அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாவாம். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினராம்! புல் மேயும் பிராணிக்கு இறைச்சிச் சோறு! இதனினும் கொடியது ஒன்றுண்டு. குதிரை மருத்துவம் அறிந்தவர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதபடி வணிகர்களே தடுத்தனராம். குதிரைகள் சாகச் சாகத்தானே விற்பனை வளரும்? அரசரிடம் பொன் இருந்தது, குதிரையும் இருந்தது. அறிவு மட்டும் இல்லை. நம்மிடம் குதிரை இல்லை. அறிவையாவது முதலில் பெற்றுக்கொள்வோமே என்றோம். அந்தத் தாய் சிரித்துவிட்டார்.

இனிப் பாடத்துக்கு வருவோம். மண்டபத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஐந்தடி உயரக் குதிரையை முழு அளவில் வரைந்தோம். இந்த உயரம் தலைவரை அளப்பதன்று. பிடரி முடியும் இடத்திலுள்ள தோள்மேடுவரை அளப்பது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நேர் பின்னால் நிற்பவரை அது காண இயலாது; மூக்கிற்கு நேர் முன்னால் நெருங்கி நிற்பவரையும் காணாது. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் தோளை நோக்கிச் செல்ல வேண்டும். வாலைத் தொட்ட அதே மாணவனைக்கொண்டே இதை நடித்துக் காட்டச் செய்தோம்.

நம் பிள்ளைகள் மாட்டை நன்கு அறிவர். மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை. விழுங்கியதை மீண்டும் கொணர்ந்து அசைபோடும். குதிரைக்கோ ஒற்றை இரைப்பை, அதுவும் உடலை நோக்கச் சிறியது. தின்றதை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் முடியாது. தவறான தீனி உள்ளே சென்றால் வயிற்றுவலியால் தரையில் புரளும், உயிரும் போகலாம். ஆதலால் சிறிது சிறிதாகப் பலமுறை தீனி இட வேண்டும். கொள்ளும் தானியமும் அளவோடுதான். புல்லே முதன்மை உணவு.

நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிலோ அளவில் உலர்தீனி தேவை. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீரே என்பதால், அது முப்பத்தைந்து கிலோ புல்லுக்குச் சமம். ஐந்தாம் ஆண்டு மாணவர் அனைவரும் அரைமணி நேரம் திடலில் புல் பறித்து நிறுத்தபோது ஆறு கிலோகூட வரவில்லை. தண்ணீரும் பத்து லிட்டர் வாளியில் மூன்று, நான்கு வாளி வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் வியர்வை மிகுதியாதலால் உப்பும் வேண்டும். பிறகு கடிகாரம் பார்த்து நாடி எண்ணினோம். பிள்ளைகளுக்கு நிமிடத்திற்கு எண்பது, தொண்ணூறு. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான். பெரிய உடம்புக்கு நாடி மெதுவாக அடிப்பதை மாணவி ஒருத்தி நம்பவே மறுத்தாள்!

குளம்புப் பாடத்தில் நமக்கே ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். பணி ஓய்வு பெற்ற தோட்டத்துப் பெரியவர் அவர். அவருடைய தந்தையார் துரையின் குதிரையைப் பராமரித்தவராம். மண்டபத்துப் பலகையின் காலைக் குதிரையின் காலாகப் பாவித்து, வாற்பக்கம் முகம் வைத்து நின்று, கையை மேலிருந்து கீழே தடவிக் குளம்பைத் தூக்கும் விதத்தைக் காட்டினார். உள்ளே சிக்கிய கல்லையும் மண்ணையும் குதிப்புறத்திலிருந்து நுனி நோக்கித்தான் கொக்கியால் சுரண்ட வேண்டும். நடுவிலுள்ள முக்கோண வடிவப் பகுதி மென்மையானது, அதைக் குத்தலாகாது. நாள்தோறும் இதைச் செய்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் சீவுதல் வேண்டும். நாம் நூலில் படித்து வைத்திருந்ததை அவர் ஐந்து நிமிடத்தில் விளங்க வைத்துவிட்டார்.

அடுத்த விடுமுறையில் குதிரை லாயம் ஒன்றுக்கு மாணவரை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். பெரியவரும் உடன்வர இசைந்துள்ளார். பேருந்துச் செலவில் பெற்றோர் பங்குகொள்ளுமாறு வேண்டுகிறோம்.