பரிசோதனைச் சாலைக்கும் வயலுக்கும் ஏற்ற இரசாயனத் தரம்

அம்பாசமுத்திரம் தாலுகாவில் நெல் பயிரிடும் எவரும் விதை நெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதில்லை. விதையிலும் படிகள் உண்டு. நம் ஊரில் 1937-ம் ஆண்டு ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்னும் இரகத்தையே எடுத்துக் கொள்வோம். மஞ்சள் சீட்டுக் கட்டிய வல்லுநர் விதையிலிருந்து வெள்ளைச் சீட்டுள்ள ஆதார விதையும், அதிலிருந்து நீலச் சீட்டுள்ள சான்று விதையும் பெருக்கப்படுகின்றன. பத்து ஏக்கர் நடவுக்கு வல்லுநர் விதை தேடுவது வீண். ஆதார விதை பெருக்கும் வயலில் களத்து நெல்லை விதைப்பதோ பெருங்கேடு. வேலைக்குத் தக்க தூய்மை என்பது நம் குடியானவர்கள் நன்கு அறிந்த நியாயமே.

இரசாயனப் பொருள்களுக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்தும். மண்ணைப் பரிசோதிப்பதற்கும், உரமாக இடுவதற்கும், மருந்தாகத் தெளிப்பதற்கும் ஒரே பெயருடைய பொருளே பயன்படலாம்; ஆயினும் அதன் தரம் ஒன்றாயிருத்தல் கூடாது. இதை அறியாமையால் நேரும் நஷ்டம் கடைசியில் வயலிலேயே வந்து விடிகிறது. ஆதலின் பரிசோதனைச் சாலையைக் கண்ணால் காணாத நிலச்சொந்தக்காரர்களும், கிராம அலுவலர்களும் இதனை ஒருவாறு அறிந்திருத்தல் நலம்.

ஒரு வாளியால் வந்த நஷ்டம்

சில ஆண்டுகளுக்கு முன் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு குடியானவரின் வயலில் பிசான நடவுக்கு முன் மண் எடுத்தேன். பத்து இடங்களில் எடுத்த மண்ணை அவர் வீட்டு வாளியிலேயே கொட்டிக் கலந்து, அரைக் கிலோ பிரித்து அனுப்பினேன். துத்தநாகச் சத்து போதிய அளவு இருப்பதாக அறிக்கை வந்தது. ஜிங்க் சல்பேட் இட வேண்டுவதில்லை என்று அவருக்குச் சொன்னேன். நடவு முடிந்த மூன்றாவது வாரத்தில் கீழ் இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் கண்டன. இளந்தாள்களின் அடிப்பகுதி வெளுத்தது. பயிர் திட்டுத்திட்டாகக் குன்றியது. இவை துத்தநாகக் குறைவின் அடையாளங்கள். ஜிங்க் சல்பேட்டைக் கரைத்துத் தெளித்ததில் பயிர் ஓரளவு தேறியது, கண்டுமுதல் தேறவில்லை.

மறுபடி மண் எடுக்கச் சென்றபோதுதான் வாளியைக் கவனித்தேன். அது துத்தநாகப் பூச்சுப் பூசிய இரும்பு வாளி. பிளாஸ்டிக் வாளியில் எடுத்து அனுப்பிய இரண்டாவது மண்ணில் துத்தநாகம் குறைவு என்றே அறிக்கை வந்தது. பரிசோதனைச் சாலையின் மேல் குற்றமில்லை. அவர்களிடம் சேர்ந்த பொருளை அவர்கள் சரியாகவே அளந்தார்கள். பிழை என்னுடையது. எதை அளக்கப் போகிறோமோ அதையே நாமாகக் கலந்துவிட்டோம். தூய்மையைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

அற்ப அளவின் வலிமை

பயிருக்குக் கிட்டத்தக்க துத்தநாகத்தை மிகச் சிறு அளவிலேயே கணக்கிடுகிறார்கள். ஒரு டன் மண்ணில் ஏறத்தாழ ஒரு கிராம் என்னும் அளவை ஒட்டியே போதும், போதாது என்ற தீர்ப்பு நிற்கிறது. பரிசோதனை முறை வருமாறு: 10 கிராம் மண்ணில் டி.டி.பி.ஏ. என்னும் கரைசலை 20 மில்லி லிட்டர் ஊற்றிக் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் உள்ள துத்தநாகத்தைக் கருவியால் அளக்கிறார்கள். அக்கரைசலைச் செய்த நீரிலோ உப்பிலோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் துத்தநாகம் கலந்திருந்தால், மண்ணின் கணக்கில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஏறிவிடும். உண்மையில் 0.9 உள்ள மண் 1.1 என்று காட்டும். எல்லை 1.0 என்று வைத்துக் கொண்டால், குறைவுள்ள வயல் நிறைவுள்ளதாகிவிடும். அற்பமான ரப்பர்க் குழாயும் இதைச் செய்ய வல்லது. ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கப்படுகிறதன்றோ!

இதைக் கண்டுபிடிக்கவே 'வெற்றுச் சோதனை' என்பதொன்று உண்டு. மண்ணே இல்லாமல் மற்ற எல்லாப் பொருள்களையும் சேர்த்து, அதே முறைப்படி அளந்து, வந்த தொகையைக் கழித்துவிடுவது. ஒரே சீராய் இருக்கும் கலப்பை இது திருத்தும். ஒரு குப்பியில் இருந்து, மறு குப்பியில் இல்லாத கலப்பை இதனால் திருத்த இயலாது. ஆதலின் கழிப்பதை நம்பியிராமல், கலப்பு நேராதபடி முதலிலேயே தக்க தரத்தைத் தேர்ந்தெடுத்தலே முறை.

தரங்கள் எவை

கடையில் கிடைக்கும் இரசாயனங்களைப் பொதுவாக நான்கு வகையாகக் கொள்ளலாம்.

1. வாணிபத் தரம். தொழிற்சாலைக்கும் வயலுக்கும் உரியது. மலிவு, மூட்டையில் வரும்.

2. ஆய்வுக்கூடத் தரம். குப்பியில் 'எல்.ஆர்.' என்று குறித்திருக்கும். பள்ளிக்கூடச் சோதனைகளுக்கும், கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அமிலத்துக்கும், தோராயமாக அறியும் வேலைகளுக்கும் போதுமானது.

3. பகுப்பாய்வுத் தரம். 'ஏ.ஆர்.' அல்லது 'ஜி.ஆர்.' என்று குறித்திருக்கும். நுட்பமாக அளந்து முடிவு கூறும் வேலைக்கு உரியது.

4. அளவைத் தரம். மற்றக் கரைசல்களின் வலிமையை நிர்ணயிக்க, தானே எடைக்கல்லாய் நிற்கக் கூடியது. ஈரம் உறிஞ்சாமலும், காற்றில் மாறாமலும், எடை போட்டபடியே கணக்குக்கு ஒத்தும் இருக்க வேண்டும்.

முற்காலத்தில் 'சுத்தமானது' என்று விற்பவர் சொன்னதே பிரமாணமாயிருந்தது. ஜெர்மனி தேசத்தில் டார்ம்ஸ்டாட் நகரத்து மெர்க் கம்பெனியைச் சேர்ந்த கார்ல் கிரௌக் என்னும் இரசாயனி, பரிசோதனைப் பொருள்களில் எந்தெந்தக் கலப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம், அதை எவ்வாறு சோதிப்பது என்று விவரித்து 1888-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த வழியிலேயே இன்று நல்ல குப்பிகளின் சீட்டில் இரண்டு விஷயங்கள் அச்சாகின்றன: பொருள் குறைந்தபட்சம் நூற்றுக்கு எவ்வளவு, ஒவ்வொரு கலப்பும் அதிகபட்சம் எவ்வளவு.

இவற்றுள் முதலாவதையே அநேகர் பார்க்கிறார்கள். இரண்டாவதே முக்கியம். நூற்றுக்கு 99 பங்கு சுத்தம் என்றால், மீதி ஒரு பங்கு யாது என்று கேட்க வேண்டும். அது வெறும் ஈரமாயின் பெரும்பாலும் தீங்கில்லை. நாம் தேடும் பொருளே அந்த ஒரு பங்கில் ஒளிந்திருந்தால், மற்ற 99 பங்கின் சுத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை.

மண் பரிசோதனையில் மூன்று உதாரணங்கள்

தழைச்சத்து: டென்மார்க் தேசத்து கெல்டால் என்பவர் 1883-ல் கண்ட முறையிலும், மண்ணுக்கென 1956-ல் சுப்பையா, அசிஜா என்னும் இருவர் நம் தேசத்தில் வகுத்த முறையிலும், தழைச்சத்தை அம்மோனியாவாக்கி வடித்து அளக்கிறார்கள். ஆகையால் இங்கே உபயோகிக்கும் காரம், அமிலம், நீர் யாவும் அம்மோனியா கலவாதவையாய் இருக்க வேண்டும். அந்த அறையிலேயே அம்மோனியாக் குப்பியைத் திறந்து வைப்பதும் பிழைக்கு இடமாகும்.

மணிச்சத்து: கார மண்ணில் மணிச்சத்தை அளக்க ஓல்சன் முதலியோர் 1954-ல் வெளியிட்ட முறையில் சோடியம் பைகார்பனேட் கரைசல் பயன்படுகிறது. கரைசலின் நிறத்தை நீக்கக் கரித்தூள் சேர்ப்பதுண்டு. சாதாரணக் கரித்தூளில் மணிச்சத்து இருக்கும். உப்பு உயர்ந்த தரமாயிருந்தும் கரித்தூள் தாழ்ந்த தரமானால் வேலை கெடும். சில சலவைத் தூள்களிலும் பாஸ்பேட் உண்டு. அதனால் கழுவிய குப்பியும் பொய் சொல்லும்.

அங்ககக் கரிமம்: வாக்லி, பிளாக் என்பவர்கள் 1934-ல் வெளியிட்ட முறையில் பொட்டாசியம் டைகுரோமேட்டை உலர்த்தி, 49.04 கிராம் எடை போட்டு, ஒரு லிட்டராகக் கரைக்கிறார்கள். இக்கரைசலே கணக்குக்கு எடைக்கல். ஆதலின் இது அளவைத் தரமாகவே இருத்தல் வேண்டும். இதில் குறையிருந்தால் வெற்றுச் சோதனையும் அதைக் காட்டிக் கொடாது. இதனுடன் சேரும் இரும்பு உப்புக் கரைசலோ காற்றுப் பட்டு நாளுக்கு நாள் வலிமை குன்றுவது. எவ்வளவு உயர்ந்த குப்பியில் வாங்கினாலும் வேலை நாள்தோறும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இவ்விடத்தில் தண்ணீரை மறத்தல் கூடாது. தாமிரத்தையே பெயரில் தாங்கிய நம் ஆற்றுநீர் பயிருக்கு அமிர்தம், கரைசலுக்கு ஆகாது. கரைந்த உப்புகள் இல்லாத ஆறும் கிணறும் கிடையா. வாலையில் வடித்த நீரோ, அதற்குச் சமமாய்ச் சுத்திகரித்த நீரோதான் தகும்.

விலை உயர்ந்தது எல்லாம் மேலானதன்று

இதைக் கேட்டு, எல்லாவற்றையும் மிக உயர்ந்த விலையில் வாங்கிவிடலாமே எனின், அதுவும் தவறு. காஸ்டிக் சோடாவைப் பகுப்பாய்வுத் தரத்திலேயே வாங்கினாலும், குப்பியைத் திறந்த மாத்திரத்தில் அது ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சத் தொடங்கும். எடையை நம்பி வலிமை சொல்ல முடியாது. அவ்வாறே எச்.பி.எல்.சி. தரம் என்று பெரும் விலைக்கு விற்கும் திரவங்கள், ஒளியால் அளக்கும் ஒரு தனிக் கருவிக்கென வடிக்கப்பட்டவை. அக்கருவிக்கு இடையூறான கலப்புகளை நீக்குவதே அங்கு நோக்கம். உலோகக் கலப்பைப் பற்றி அப்பெயர் உறுதி ஏதும் கூறுவதில்லை. பாத்திரம் கழுவப் பகுப்பாய்வுத் தர அமிலத்தை ஊற்றுவது, மேற்சொன்ன வல்லுநர் விதையைச் சோறாக்கி உண்பது போலாம்.

வயலில் எத்தரம் வேண்டும்

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ ஜிங்க் சல்பேட் இடும்படி நம் மாகாணத்தில் சிபாரிசு உண்டு. இதற்குப் பரிசோதனைச் சாலைக் குப்பி வேண்டுவதில்லை. முழுச் சுத்தமான ஜிங்க் சல்பேட் படிகத்தில் துத்தநாகம் நூற்றுக்கு 22.7 பங்கு. 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வயலுக்கு விற்கும் படிகத்தில் 21 பங்குக்குக் குறையலாகாது. ஈயம் முதலியவற்றுக்கு உச்ச வரம்பும் உண்டு. ஒன்றேமுக்கால் பங்கு வித்தியாசத்துக்காகப் பன்மடங்கு விலை கொடுப்பார் யார்?

கவனிக்க வேண்டுவது வேறு. நீர் குறைந்த மற்றொரு வகை ஜிங்க் சல்பேட்டில் துத்தநாகம் 33 பங்கு. 25 கிலோ படிகத்துக்கு இதில் ஏறக்குறைய 16 கிலோ ஈடாகும். மூட்டையின் மேல் எந்த வகை என்று படித்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஜிங்க் சல்பேட்டுக்குப் பதிலாக விலை குறைந்த மெக்னீசியம் சல்பேட்டை விற்கும் மோசடியும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. சிறிது டி.ஏ.பி. உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிநீரில் சந்தேகப்பட்ட உப்பின் கரைசலை ஊற்றுக. ஜிங்க் சல்பேட்டாயின் திரிந்த பால்போல் திரண்டு படியும். வெறும் மெக்னீசியம் சல்பேட்டாயின் அவ்வாறு திரளாது. இது சந்தேகத்தை அறியும் சோதனையே. தீர்ப்பு, உர ஆய்வாளர் முறைப்படி எடுத்து அனுப்பும் மாதிரியின் பகுப்பாய்விலேயே கிடைக்கும்.

பூசணத்துக்குத் தெளிக்கும் போர்டோக் கலவைக்கு வாணிபத் தர மயில்துத்தமே போதும். நல்ல நீலமாய் இருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ கண்டால் இரும்புக் கலப்பென்று ஐயுறுக. இங்கே உண்மையான குறை பெரும்பாலும் சுண்ணாம்பிலேயே நேர்கிறது. நாட்பட்டுக் காற்றில் பூத்த சுண்ணாம்பு வலிமை இழந்திருக்கும். தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் தோய்த்தெடுத்தால் செம்பு நிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். இல்லையேல் இலை கருகும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. மண் மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் வாளியும் புதிய துணிப்பையும் கொள்க. துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரமும் பழைய உரச் சாக்கும் ஆகா.

2. எரு குவித்த இடம், வரப்போரம், மரநிழல் இவற்றை நீக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புக.

3. அறிக்கை பயிரின் தோற்றத்துக்கு முரணாயிருந்தால், பயிரைச் சந்தேகியாமல் மறுபடி மண் எடுத்து அனுப்புக.

4. உரத்துக்கும் மருந்துக்கும் இரசீது பெறுக. மூட்டைச் சீட்டைப் பயிர் அறுவடையாகும் வரை வைத்திருக்க. சந்தேகம் தோன்றின் கிராம அலுவலர் மூலமேனும் நேரிலேனும் வேளாண்மை அலுவலருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க.

5. பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் வாங்கும் குழுவில் இருப்போர், ஆய்வுக்கூடத் தரத்தோடு திருப்தியடைக. மிஞ்சும் பணத்தில் கண் காப்புக் கண்ணாடிகள் வாங்கலாம்.

6. குப்பியிலிருந்து எடுத்த பொருள் மிஞ்சினால் திரும்ப அதில் கொட்டலாகாது. ஒரு கரண்டியின் அழுக்கு ஒரு குப்பியையே தாழ்ந்த தரமாக்கும்.

மேற்சொன்ன குடியானவர் இப்போது ஒவ்வொரு கார் நடவுக்கு முன்னும் தாமே மண் எடுக்கிறார். அதற்கென ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தனியே பரணில் கவிழ்த்து வைத்திருக்கிறார். வீட்டில் வேறெதற்கும் அதைத் தொட விடுவதில்லை. தக்க தரம் என்பதன் பொருளை அவர் வீட்டார் அனைவரும் அறிவர்.