கொல்லைப்புறத்தில் இளவேனில்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். இவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. இஃது இலக்கணம் பயின்ற மாணவர் அனைவரும் அறிந்த செய்தியே. ஆயின், தருமபுரி மாவட்டத்து வீடொன்றின் கொல்லைப்புறத்தில் வைகறைப் பொழுதில் அமர்ந்து பறவைகளைக் கவனிப்போர்க்கு இவ்வரையறை சற்றே நெகிழ்ந்து தோன்றும். மாசி பிறந்து மாமரங்கள் பூத்து நிற்கும் நாளிலேயே குயில் தன் குரலைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பங்குனியில் புங்கமரம் தளிர்க்கும்போது கொல்லை முழுவதும் திருமண வீடுபோல் ஆகிவிடுகிறது. பறவைகளின் பஞ்சாங்கம் வேறு.

வசந்தத்தைப் பற்றி நம் உள்ளத்தில் பதிந்துள்ள கருத்துகளுட் பல, பள்ளியிற் பயின்ற ஆங்கிலக் கவிதைகளின் வழியே வந்தவை. பனி உருகும், மொட்டை மரங்கள் தளிர்க்கும், தெற்கே சென்றிருந்த பறவைகள் திரும்பி வரும். அந்நாடுகளுக்கு அது பொருந்தும். லண்டன் மாநகரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டு. பகல் நீளத் தொடங்கியதும் பறவையின் உடலிலுள்ள சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. பாட்டும் கூடும் முட்டையும் அதனைத் தொடர்ந்து வருவனவே. நம் தருமபுரியோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. இங்கு அவ்வேறுபாடு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே நம் பறவைகள் பகலின் நீளத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. பூ, பழம், புழு, மழை ஆகியவற்றையும் கணக்கிற் கொள்கின்றன. மேலும், வடபுலத்து வசந்தம் வரவேற்பு விழா எனின், நம் இளவேனில் வழியனுப்பு விழாவும் புதுமனை புகுவிழாவும் ஒரே முற்றத்தில் நிகழ்வது போன்றது.

முதலில் விடைபெறுவோரைக் காண்போம். குளிர்காலம் முழுவதும் நம் சோளக்கொல்லைகளிலும் ஆலமரங்களிலும் கூட்டங்கூட்டமாய் ஆரவாரித்த சூறைக்குருவிகள், பங்குனி சித்திரையில் மத்திய ஆசியப் புல்வெளிகளை நோக்கிப் புறப்படுகின்றன. கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த உடலும் தலையிற் சிறு கொண்டையும் உடைய இப்பறவை மைனாவின் உறவினம். அங்கே வெட்டுக்கிளிகளைத் தின்று, குஞ்சு பொரித்து, ஆடி ஆவணியிலேயே முதல் விருந்தினராய் மீண்டும் இங்கு வந்து சேரும். பொன்னிற மாங்குயிலும் ஏறத்தாழ இதே காலத்தில் வடக்கே போய்விடுகிறது. பெயரிற் குயில் இருப்பினும் இது குயிலினம் அன்று என்பதை இங்குக் குறித்தல் தகும். ஆறுமணிக்குருவி என்றொரு பறவை உண்டு. பச்சை முதுகும் நீலத் தோளும் செம்மை படர்ந்த அடிவயிறும் கொண்ட அதனைப் போன்ற அழகிய விருந்தினர் கொல்லைக்கு வருதல் அரிது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. உதிர்ந்த சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடுவதே அதன் தொழில். சருகு ஒன்றுகூட இல்லாமற் பெருக்கித் தீயிட்டுத் தூய்மை செய்த தோட்டத்தில் அதற்கு வேலை இல்லை. பங்குனியின் பிற்பகுதியில் ஒரு மாலை அந்தச் சீழ்க்கை கேட்கவில்லையெனின், அது மத்திய இந்தியக் காடுகளை நோக்கியோ இமயத்தின் அடிவாரத்தை நோக்கியோ போய்விட்டது என்று கொள்ளலாம்.

இனி இங்கேயே இருந்து இல்லறம் தொடங்குவோர். இவர்களுள் குயிலைப் பற்றி நாம் எவ்வளவோ படித்துள்ளோம்; ஆயினும் கண்டது குறைவு. இன்குரற் பாடகியரை 'இசைக்குயில்' என்று மேடையிற் பாராட்டுதல் நம் வழக்கம். மரத்தின் உச்சியில் இருந்து கூவுவதோ ஆண்குயில். அது பளபளக்கும் கருநிறமும் செந்நிறக் கண்ணும் உடையது. பெண்குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் நிறைந்தது. அதன் குரல் 'கிக் கிக்' என்னும் விரைந்த ஒலியே. கொல்லையில் இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட மாணவர் சிலர், இவை வெவ்வேறு பறவைகள் என்றே வாதிட்டனர். குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது பலரும் அறிந்ததே. அதன் முட்டை காக்கை முட்டையினும் சிறியதாயினும் நிறத்தில் ஒத்திருக்கும். பெரும்பாலும் சில நாள் முன்னதாகவே பொரிந்துவிடும். உணவு பெறும் போட்டியில் குயிற்குஞ்சு முந்திக்கொள்வதற்கு அதுவே காரணம். காக்கைகள் கூடு கட்டுவது வேனிற் காலத்தில் ஆதலின் குயிலின் கூவலும் அதனை ஒட்டியே உச்சம் பெறுகிறது. நம் செவிக்கு இனிய அப்பாட்டு, காக்கைக்கு ஓர் எச்சரிக்கை மணியாகவே இருத்தல் வேண்டும்.

குயிலுக்கு அடுத்தபடியாக வேனிலின் குரல் என்று நாம் கருதுவது செம்மார்புக் குக்குறுவானின் குரலையே. சிட்டுக்குருவியினும் சற்றே பருத்த பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் குங்குமத் தீற்றல். தொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள். வெயில் ஏற ஏற இது 'டுக், டுக், டுக்' என்று இடைவிடாது ஒலிக்கும். தொலைவில் கன்னான் ஒருவர் செம்புப் பாத்திரத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்றே இருக்கும். அலகைத் திறவாமலே, ஒவ்வோர் ஒலிக்கும் தொண்டையைப் பையைப்போல் உப்பச் செய்து இவ்வொலியை எழுப்புகிறது. கூவும்போது தலையை இப்புறமும் அப்புறமும் திருப்புவதால் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவது கடினம். ஆல், அத்தி, அரசு ஆகியவற்றின் பழங்களே இதன் உணவு. கூடு கட்டுவதில்லை, பட்ட கிளையின் அடிப்பகுதியில், எலுமிச்சம்பழம் நுழையும் அளவிற்கு அலகாலேயே துளை குடைகிறது. முருங்கை மரம் மென்மையானதாகலின் அதன்மேல் இதற்குத் தனி விருப்பம்.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றைச் சொல்லாமற் கடந்து செல்லுதல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பங்குனியில், நம் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி மிகுந்தது; பட்ட கிளை ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளை அழைத்து அக்கிளையை வெட்டச் செய்தோம். அது தரையில் விழுந்து பிளந்தபோது உள்ளே ஒரு சிறு குழி, அதில் மூன்று வெண்ணிற முட்டைகள், இரண்டு உடைந்திருந்தன. அன்று முழுவதும் ஒரு குக்குறுவான், கிளை இருந்த வெற்றிடத்திற்கும் பக்கத்து வேம்பிற்குமாகப் பறந்துகொண்டிருந்தது. எத்தனையோ வேனிலாக அதன் குரலைக் கேட்டு மகிழ்ந்திருந்தும், அது எங்கே குடியிருக்கிறது என்று ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்த்தோமில்லை. பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு அன்றுதான் தொடங்கியது.

மற்றையோரைச் சுருங்கக் கூறுவோம். தையற்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைத் துளையிட்டு, பஞ்சாலும் நூலாலும் தைத்து உள்ளே கூடமைக்கிறது. தேன்சிட்டு சிலந்தி வலையும் நாரும் கொண்டு, கொடியில் தொங்கும் சிறு பைபோன்ற கூட்டினை முடைகிறது. குண்டுக்கரிச்சான் விடியலுக்கு முன்னரே கூரைமேல் அமர்ந்து பாடுகிறது. கூட்டெல்லையைக் காக்கும் வேகத்தில் இச்சிறு பறவைகள் சில, வாகனக் கண்ணாடியில் தெரியும் தம் உருவையே பகையெனக் கருதி மணிக்கணக்கிற் கொத்துவதைப் பலரும் கண்டிருப்பர். அவ்வாறாயின் கண்ணாடியின்மேல் ஒரு துணியைப் போர்த்துவிடுதல் நன்று. பறவைக்கும் ஓய்வு, கண்ணாடிக்கும் ஓய்வு.

ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் ஆண்ட தகடூர் மண் இது. இம்மண்ணில் இருந்து சங்க இலக்கியம் பயிலும் மாணவர், பாட்டிலே வரும் பறவையை மதிப்பெண்ணுக்காக அறிவர்; மரத்திலிருக்கும் பறவையை அறியார். ஒரு முறை கல்லூரித் திடலில், விசிறிபோன்ற கொண்டையும் நீண்டு வளைந்த அலகும் கொண்ட பறவை ஒன்று புல்லைக் குத்திக்கொண்டிருந்தது. பெயர் யாது என வினவியதற்கு ஒருவரும் விடை கூறவில்லை. அதுவே கொண்டலாத்தி, நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த 'ஹுத்ஹுத்' என்றதும் வியந்து நின்றனர். திருமறையில் அப்பெயரைச் சிறு வயது முதல் ஓதி வந்தவர்கள் அவர்கள். சுவர்ப்பொந்துகளில் முட்டையிடும் அப்பறவை அவர்கள் வீட்டுக் கொல்லைகளுக்கும் வந்து போவதே. பெயரையும் பறவையையும் இணைத்து வைக்கும் பணி தமிழ்த்துறைக்கும் உரியது. சங்க நூல்களிலுள்ள பறவைகளை ஆராய்ந்து பி. எல். சாமி அவர்கள் எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்', க. ரத்னம் அவர்கள் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' ஆகிய நூல்கள் இப்பணிக்கு வழிகாட்டிகள். ஆயினும் அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் ஆடு மேய்க்கும் முதியோர் நாவில் வழங்கும் பெயர்கள் அனைத்தும் ஏறிவிட்டன என்று எண்ணுவதற்கில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தம் பாட்டனாரிடம் வினவினால், பத்துப் பெயராவது கிடைக்கும்.

கொல்லைப்புறத்தில் நின்று பார்ப்பது வீண்பொழுது என்று கருதுவோர் சாலிம் அலி அவர்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1896-இல் மும்பையிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது பொம்மைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இஃது உண்ணத் தகுந்ததா என்று ஐயுற்று மாமனிடம் கேட்க, அவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அங்கே கண்ட பறவைச் சேகரிப்பே அவர் வாழ்வைத் திசை திருப்பியது. அதனினும் நமக்கு ஏற்ற செய்தி 1930-இல் நிகழ்ந்தது. வேலை இழந்து, கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைக் கண்டு மழைக்காலம் முழுவதும் பொறுமையோடு கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூடுகளைக் கட்டி வைக்கும். பெண்குருவி வந்து பார்வையிட்டு ஏதேனும் ஒன்றைத் தேர்ந்த பின்னரே அது முழுமை பெறும். உடனே ஆண்குருவி அடுத்த கூட்டினைத் தொடங்கும். இவ்வுண்மை புலப்பட்டது அங்கேதான். நம் மாவட்டத்துக் கிணற்றோர ஈச்சமரங்களிலும் இக்காட்சியைக் காணலாம். ஆயின் அதற்கு மழை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். தூக்கணாங்குருவிக்கு வசந்தம் என்பது கார்காலமே.

இன்று தனியொருவர் கண்டதும் பயன்படும் வழி ஏற்பட்டுள்ளது. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் இந்தியா உட்பட உலகெங்கும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடைபெறுகிறது. நம் நாட்டில் அதன் பகுதியாகக் கல்லூரி வளாகக் கணக்கெடுப்பும் உண்டு. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு நிகழ்கிறது. பதினைந்து நிமிடமேனும் ஓரிடத்தில் இருந்து, கண்டவற்றையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு என்னும் கணினித் தளத்திற் பதிவு செய்தால் போதும். இவ்வாறு ஏறத்தாழ 30,000 ஆர்வலர் திரட்டிய பதிவுகளைக் கொண்டே 2023-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வெளியாயிற்று. குயில் பெருகி வருகிறது என்கிறது அது. மின்கம்பியில் அமர்ந்து, பறக்கும்போது நீலச் சிறகு விரிக்கும் பனங்காடையோ நாடளவில் 30 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துள்ளது. இதே வரிசையில் 2020-இல் வெளியான முந்தைய அறிக்கை, சிட்டுக்குருவி சென்னை முதலிய ஆறு பெருநகரங்களிற் குறைந்திருப்பினும் நாடு முழுவதும் ஏறத்தாழ நிலைபெற்றே உள்ளது என்று கண்டது. செல்பேசிக் கோபுரங்களே அதன் குறைவிற்குக் காரணம் என்று நாம் மேடைதோறும் பேசி வந்ததற்கும் போதிய சான்று இல்லை என்பதை அவ்வறிக்கையால் அறிந்து சற்றே நாணினோம்.

பார்க்கத் தொடங்குவோர்க்குப் பெருஞ்செலவு இல்லை. காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஏற்ற பொழுது. தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லையெனினும் குறையில்லை. ஆழமற்ற மண்தட்டில் இருவிரல் உயரத்திற்கு நீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லை வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் வேனிற் பிற்பகலில் பறவைகளே தேடி வரும். குடிநீருக்கே நெடுந்தொலைவு நடந்த வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் இதனைச் சொல்லத் தயக்கமே. ஆயினும் ஒரு செம்பு நீர் போதும். கூட்டினுள் எட்டிப் பார்த்தல் கூடாது. நாம் போன வழியைக் காக்கையும் பூனையும் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. தாய்ப்பறவை கூட்டைத் துறந்துவிடுதலும் உண்டு. இவற்றிற்கெல்லாம் கொல்லை என்று ஒன்று இருத்தல் வேண்டும். நகரில் மனைதோறும் சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்டுத் தளம் இட்டுவருகின்றோம். ஒரு முழ அகலமேனும் மண்ணை விட்டுவைத்தால் முருங்கை ஒன்று வளரும்.

நம் வீட்டு முருங்கை அன்று வெட்டுண்டபின் மறுபடியும் தழைத்தது. இவ்வாண்டு தை இறுதியில் அதன் மேற்கிளை ஒன்று பட்டுப்போயிற்று. வீட்டார் இருமுறை நினைவூட்டியும் அதனை வெட்டவில்லை. மாசி மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, மரத்தடியில் வெளிறிய மரத்தூள் சிந்திக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தோம். கிளையின் அடிப்பக்கம் அரைகுறையாய்க் குடைந்த ஒரு துளை. அதிலிருந்து வெளியே நீட்டியிருந்தது ஒரு பச்சை வால்.