78 நிமிடத்தில் திருத்தினார்கள்... ஆனாலும் கணினிகள் எழவில்லை!

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் சின்னதாக ஓர் அப்டேட்டை அனுப்பியது. அவ்வளவுதான்... உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளில் நீலத்திரை! விமானங்கள் ரத்தாகின. இந்திய விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

என்ன நடந்தது? புதிய அப்டேட் 21-வதாக ஒரு தகவலைத் தேடியது. கணினியில் இருந்த மென்பொருளோ 20 தகவல்களைத்தான் வைத்திருந்தது. இல்லாத இடத்தில் கையை விட்டுத் துழாவியதில் விண்டோஸே படுத்துவிட்டது. சாதாரண ஆப் என்றால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். ஹேக்கர்களைப் பிடிக்க வேண்டிய மென்பொருள் என்பதால், இதற்கு விண்டோஸின் அடிமடி வரை அனுமதி உண்டு.

தவறான அப்டேட்டை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால், ஆன் ஆகவே மறுக்கும் கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஐ.டி ஊழியர்கள் கணினி கணினியாகப் போய் உட்கார்ந்து, ‘சேஃப் மோடு’க்குள் நுழைந்து, அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், 48 இலக்க எண்ணை வேறு தட்ட வேண்டும்!

பிழை எந்த மென்பொருளிலும் வரும். இங்கே உறுத்துவது வேறு. இந்த வகை அப்டேட்டை முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் வழக்கம் அங்கு இல்லை. படிப்படியாக அனுப்பும் முறை அதன் பிறகுதான் வந்தது.