வேலிக்கு உகந்த காகிதப்பூ

நாங்குநேரி, இராதாபுரம் வட்டங்களில் ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்றை நம்பித் தோட்டம் போடுவோருக்கு வேலி பெருஞ்செலவு. கல்தூண் நட்டு முள்கம்பி இழுக்க இயலாதவர்கள் காகிதப்பூவை உயிர்வேலியாக வளர்க்கலாம். இப்பூவுக்கு மணமில்லை, பூச்சந்தையில் விலையுமில்லை. ஆனால் வேலிச் செலவு மிச்சமாகும்.

தென் அமெரிக்கா இதன் தாயகம். 1766-69இல் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் பெயரால் போகன்வில்லா எனப்படுகிறது. நாம் பூ என்று எண்ணும் வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நடுவில் உள்ள சிறு வெண்குழல்களே பூக்கள்.

முற்றிய கிளைகளில் பென்சில் பருமனுள்ள குச்சிகளை 20 செ.மீ. நீளத்தில், நான்கைந்து கணுக்கள் இருக்குமாறு வெட்ட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்து நிரப்பிய பைகளில், ஆனி, ஆடியில் ஊன்றலாம். அது மேல்காற்றுக் காலமாதலால் பைகளை நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு மீட்டர் இடைவெளியில், 45 செ.மீ. குழிகளில் நடலாம். வேர்கள் எளிதில் முறியும். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. நாள் முழுதும் வெயில் படும் இடமே ஏற்றது. நீர் தேங்கும் வயலோரத்தில் வேர் அழுகும்.

ஆடுகள் இதன் தளிரை விரும்பித் தின்னும். எனவே முதல் இரண்டு ஆண்டுகள் கருவேல முள் அடைத்துக் காப்பது அவசியம். தண்டு முற்றி, முட்கள் பின்னிக்கொண்டபின் கால்நடை எளிதில் நுழையாது.

நீரும் தழைச்சத்தும் மிகுந்தால் இலைதான் மண்டும். வளர்ந்த செடிக்கு நீரைக் குறைத்து, இலை சற்றே வாடியபின் பாய்ச்சினால் பூ நிறையும். புதுக் கிளைகளில்தான் பூக்குமாதலால், ஒவ்வொரு பூப்பும் ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்த முள்ளை வரப்பில் விடாமல் அப்புறப்படுத்துவது நல்லது.

அழகுக்கென வந்த அயல்செடியை நம்பலாமா என்ற ஐயம் நியாயமே. 19ஆம் நூற்றாண்டில் தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உன்னிச்செடி, பறவைகளால் விதை பரவி, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. காகிதப்பூவில் தோட்ட ரகங்கள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. நட்ட இடத்தில் நிற்கும். ஆண்டுதோறும் வெட்டினால் அளவிலும் நிற்கும்.